ஒற்றரும் குடியாட்சியும்

ஒற்றாடல் அரசியலுக்குப் புதியதொரு பொருளன்று. திருக்குறளின் பொருட்பாலிலே வள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரம் ஒன்றையே வகுத்துள்ளார். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டும் ஆராய்ந்து தெளிதல் வேண்டும் என்பது அவ்வதிகாரத்திற் கூறப்படும் விதிகளுள் ஒன்று. செய்தியைத் திரட்டுவது ஒரு தொழில். திரட்டிய செய்திகளை ஒப்புநோக்கி உண்மை காண்பது வேறொரு தொழில் என்பதை இவ்விதி நினைவூட்டுகின்றது. ஆயினும் முடியாட்சிக் காலத்தில் ஒற்றனுக்கும் வேந்தனுக்கும் இடையே மூன்றாமவர் ஒருவருக்கு இடமிருக்கவில்லை. ஆட்சியுரிமை மக்களிடத்தே உள்ள நாடுகளிலோ ஒரு புதிய கேள்வி பிறக்கின்றது. மக்கள் கண்ணுக்குப் புலப்படாமற் கருமமாற்ற வேண்டிய ஒரு தாபனத்தை, அம்மக்களுடைய கட்டுப்பாட்டுக்குள் வைத்திருப்பது எங்ஙனம்? இரண்டாவது உலக யுத்தம் முடிவுற்றதும் அமெரிக்க ஐக்கிய நாடுகள் இக்கேள்வியை எதிர்நோக்க நேர்ந்தது. சி. ஐ. ஏ. எனப்படும் மத்திய உளவுத் தாபனம் பிறந்த வரலாறு, அக்கேள்விக்கு ஒரு நாடு விடை தேடிய வரலாறேயாகும்.

அவ்வரலாறு ஒரு பெருந் தோல்வியில் ஆரம்பமாகின்றது. 1941 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 7 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், யப்பானிய விமானங்கள் ஹவாய்த் தீவுகளிலுள்ள பேர்ள் துறைமுகத்தைத் தாக்கின. அமெரிக்கர் 2,403 பேர் அன்று உயிரிழந்தனர். அமெரிக்க அரசாங்கத்துக்கு யாதொரு செய்தியும் எட்டாமையால் இவ்விபத்து நேர்ந்தது என்று கூறுதல் இயலாது. யப்பானிய இராசதந்திரிகள் பயன்படுத்திய சங்கேத மொழியை அமெரிக்க நிபுணர் முன்னரே கண்டறிந்து, அவர்களுடைய தந்திகளை வாசித்து வந்தனர். ஹவாயில் இருந்த யப்பானியக் கொன்சல் காரியாலயத்துக்கு 1941 செப்டெம்பர் 24 ஆந் திகதி தோக்கியோவிலிருந்து ஒரு தந்தி வந்தது. பேர்ள் துறைமுகத்து நீர்ப்பரப்பை ஐந்து பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் எந்தெந்தப் போர்க்கப்பல்கள் நிற்கின்றன என அறிவிக்கும்படி அத்தந்தி கட்டளையிட்டது. ஒக்டோபர் மாதத்திலேயே வாஷிங்டனில் அது மொழிபெயர்க்கப்பட்டு விட்டது. ஆயின் ஹவாயிலிருந்த தளபதிகளுக்கு அது அனுப்பப்படவில்லை.

குறை எங்கிருந்தது? தரைப்படைக்கு ஓர் உளவுப் பிரிவு, கடற்படைக்கு வேறொன்று, வெளிநாட்டமைச்சுக்குத் தனியான தூதரகச் செய்திகள், உள்நாட்டிலே எவ். பி. ஐ. எனப்படும் விசாரணைப் பணியகம். ஒரே சங்கேத மொழியிலமைந்த தந்திகளை ஒற்றை நாட்களிற் கடற்படையும் இரட்டை நாட்களில் தரைப்படையும் முறை வைத்து மொழிபெயர்த்தன என்றால், இவற்றிடையே நிலவிய போட்டி எத்தகையது என்பதை ஊகித்துக் கொள்ளலாம். எல்லாத் துண்டுகளையும் ஒரே மேசைமீது பரப்பி, அவை கூட்டிக் காட்டும் உருவம் யாதென நோக்கும் பொறுப்பு எவரிடத்தும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை. தாக்குதலன்று காலையில் வாஷிங்டனிலிருந்து விடுக்கப்பட்ட இறுதி எச்சரிக்கையும் வர்த்தகத் தந்தி மூலமே அனுப்பப்பட்டது. குண்டுகள் விழத் தொடங்கிய பின்னரே அது தளபதியின் கையை அடைந்தது.

முன்னறிதலின் பெறுமதி யாதென்பதை இலங்கையும் அந்த யுத்தத்திலே கண்டதுண்டு. பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பற்படை, நான்கு மாதங்களின் பின் இந்து சமுத்திரத்திற் புகுந்தது. 1942 ஏப்ரல் 4 ஆந் திகதி லெனார்ட் பேர்ச்சல் என்ற கனேடிய விமானி, இலங்கைக்குத் தெற்கே நெடுந்தூரத்தில் அக்கப்பல்களைக் கண்டு எச்சரிக்கைச் செய்தியை அனுப்பினார். அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது; அவரும் சிறைப்பட்டார். ஆயினும் செய்தி கரை சேர்ந்தது. மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டபோது, துறைமுகத்தில் வழமையாக நின்ற கப்பல்களிற் பல முன்னரே வெளியேறியிருந்தன. சேதம் நேராமலில்லை, எனினும் பேர்ள் துறைமுகத்தின் கதி கொழும்புக்கு நேரவில்லை.

யுத்தத்தில் இறங்குமுன்னரே சனாதிபதி பிராங்க்ளின் றூஸ்வெல்ட் இக்குறையை ஓரளவு உணர்ந்திருந்தார். 1941 யூலையில் வில்லியம் டொனவன் என்பவரைச் செய்தித் தொடர்பாளராக அவர் நியமித்தார். டொனவன் நியூயோர்க் நகரத்து வழக்கறிஞர். முதலாவது உலக யுத்தத்தில் நாட்டின் அதியுயர் வீரப் பதக்கத்தைப் பெற்றவர். றூஸ்வெல்டுக்கு எதிரான கட்சியைச் சேர்ந்தவர். 1942 யூன் மாதத்தில் அவருடைய பணிமனை ஓ. எஸ். எஸ். எனச் சுருங்க வழங்கும் போர்த்திறச் சேவை அலுவலகமாக மாற்றியமைக்கப்பட்டது. பகைவர் நாடுகளில் ஒற்றரை இறக்குதல், எதிர்ப்புப் படையினருக்கு ஆயுதம் வழங்குதல், பொய்ச்செய்தி பரப்புதல் ஆகியன அதன் பணிகள். இவற்றோடு பல்கலைக்கழகப் பேராசிரியர்களைக் கொண்ட ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றும் அதிலே இயங்கியது. ஹாவாட் பல்கலைக்கழக வரலாற்றறிஞர் வில்லியம் லாங்கர் அதற்குத் தலைமை தாங்கினார். புகைவண்டிப் பாதைகளையும் அறுவடைக் கணக்குகளையும் பகைவர் பத்திரிகைகளையும் ஆராய்ந்து, ஒற்றன் காணாத உண்மைகளை நூலகத்திலிருந்தே காணலாமென அப்பிரிவு நிறுவிக் காட்டியது. யுத்தத்தின் உச்சக் கட்டத்தில் ஏறக்குறைய 13,000 பேர் ஓ. எஸ். எஸ். இற் கடமையாற்றினர்.

கண்டி நகரத்துக்கும் இத்தாபனத்தோடு தொடர்புண்டு. 1944 இல் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு மாற்றப்பட்டபோது, ஓ. எஸ். எஸ். இன் 404 ஆம் பிரிவும் கண்டியிலே நிலைகொண்டது. பர்மா, மலாயா, சீயம் ஆகிய நாடுகளை நோக்கிய இரகசிய முயற்சிகள் இம்மலைநாட்டிலிருந்து திட்டமிடப்பட்டன. அப்பிரிவின் இரகசிய ஆவணங்களைப் பேணும் பதிவகத்துக்குப் பொறுப்பாயிருந்த யூலியா மக்வில்லியம்ஸ் என்ற பெண்மணி, பிற்காலத்தில் யூலியா சைல்ட் என்ற பெயருடன் சமையற் கலை நூல்களாற் பெரும் புகழ் பெற்றார்.

யுத்தத்தின் முடிவு தென்படத் தொடங்கியதும் டொனவன் எதிர்காலத்தைப் பற்றிச் சிந்திக்கலானார். 1944 நவம்பர் 18 ஆந் திகதி சனாதிபதிக்கு அவர் ஒரு திட்டத்தைச் சமர்ப்பித்தார். சமாதான காலத்திலும் நிலைபெறும் மத்திய உளவுச் சேவை ஒன்று வேண்டும். அது எந்த அமைச்சுக்கும் கீழ்ப்படாது நேரே சனாதிபதிக்குப் பொறுப்பாயிருத்தல் வேண்டும். எனினும் அதற்குப் பொலிஸ் அதிகாரம் எதுவும் இருத்தலாகாது. இவையே அத்திட்டத்தின் சாரம். தரைப்படை, கடற்படை, வெளிநாட்டமைச்சு, எவ். பி. ஐ. ஆகியன தத்தம் உரிமைகள் பறிபோகுமெனக் கருதி இத்திட்டத்தை விரும்பவில்லை. 1945 பெப்ரவரி 9 ஆந் திகதி, இரகசியமாயிருக்க வேண்டிய இத்திட்டம் சிக்காகோவிலும் வாஷிங்டனிலும் நியூயோர்க்கிலும் பத்திரிகைகளில் வெளியாயிற்று. சொந்த மக்களையே வேவு பார்க்கும் ஒரு கெஸ்டாப்போவை அரசாங்கம் ஆக்கப் போகின்றது என்ற கூக்குரல் எழுந்தது. ஹிட்லரின் இரகசியப் பொலிஸ் படையின் கொடுமைகளை உலகம் அறிந்திருந்த காலம் அது. திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ஏப்ரல் 12 ஆந் திகதி றூஸ்வெல்ட் காலமானார்.

அவருக்குப் பின் பதவியேற்ற ஹரி ட்றூமன், சமாதான காலத்தில் உளவுப்படை ஒன்று நிலவுதல் மக்களாட்சிக்கு உகந்ததா என ஐயுற்றவர். யப்பான் சரணடைந்து சில வாரங்களுள், 1945 செப்டெம்பர் 20 ஆந் திகதி, ஓ. எஸ். எஸ். ஐக் கலைக்கும் ஆணையில் அவர் கையொப்பமிட்டார். ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் அத்தாபனம் இல்லாதொழிந்தது. ஆராய்ச்சிப் பிரிவு வெளிநாட்டமைச்சுக்கும், ஒற்றர் பிரிவுகள் யுத்த அமைச்சுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. பேர்ள் துறைமுகத்தில் எக்குறை நாட்டுக்குக் கேடு விளைத்ததோ, அதே குறை மறுபடியும் உண்டாயிற்று.

அதன் பயனை ட்றூமன் தமது மேசைமீதே கண்டார். ஒவ்வோர் அமைச்சும் தனித்தனியே அறிக்கை அனுப்பியது. ஓர் அறிக்கை கூறியதை மற்றோர் அறிக்கை மறுத்தது. எல்லாவற்றையும் சுருக்கி, நாள்தோறும் ஒரே அறிக்கையாகத் தரவல்லவர் ஒருவர் வேண்டுமென அவர் விரும்பினார். மேலும், பேர்ள் துறைமுகச் சம்பவத்தை விசாரிக்கும் கொங்கிரஸ் சபைக் குழு அப்போது பகிரங்கமாகக் கூடி, முன்னர் நேர்ந்த தவறுகளை ஒவ்வொன்றாக வெளிப்படுத்திக் கொண்டிருந்தது. ஓ. எஸ். எஸ். கலைக்கப்பட்டு நான்கு மாதங்கள் நிறையுமுன், 1946 யனவரி 22 ஆந் திகதி, மத்திய உளவுக் குழு என்ற புதிய அமைப்பைச் சனாதிபதி தாபித்தார். கடற்படைச் சேமப் பிரிவைச் சேர்ந்த றியர் அட்மிரல் சிட்னி சோவர்ஸ் அதன் முதற் பணிப்பாளரானார். இரண்டு நாட்களின் பின் வெள்ளை மாளிகையில் நிகழ்ந்த பகல் விருந்தொன்றில், சோவர்ஸுக்கும் சனாதிபதியின் பிரதிநிதியாகிய அட்மிரல் லேஹிக்கும் ட்றூமன் கறுப்பு அங்கியும் கறுப்புத் தொப்பியும் மரக்கத்தியும் வழங்கி, வேடிக்கையாகப் பதவியேற்பு நடத்தினார். அன்றைய நாளில் அது வெறும் விளையாட்டு; கத்தியும் மரக்கத்தியே.

இக்குழுவுக்குச் சொந்தப் பணமுமில்லை, சொந்த ஊழியருமில்லை. யாவும் அமைச்சுக்களிடமிருந்து இரவலாகப் பெறப்பட்டன. இரவல் கொடுத்தவரை மேற்பார்வை செய்வது இரவல் பெற்றவருக்கு எளிதன்று. சோவர்ஸ் சில மாதங்களில் விலகினார். அவருக்குப் பின் வந்த ஜெனரல் ஹொய்ட் வான்டன்பேர்க், யுத்த அமைச்சிலிருந்த பழைய ஒற்றர் பிரிவைத் தம் வசமாக்கினார். தென் அமெரிக்க நாடுகளிலே எவ். பி. ஐ. நடத்திவந்த உளவுப் பணியையும் பொறுப்பேற்றார். சட்டத்தின் ஆதாரமின்றி, சனாதிபதியின் கடிதம் ஒன்றை மாத்திரம் துணைக்கொண்டு இத்தகைய தாபனம் நெடுநாள் நிலைக்கமாட்டாது என்பது இதற்குள் தெளிவாயிற்று.

அந்தச் சட்டம் 1947 இல் வந்தது. தேசிய பாதுகாப்புச் சட்டம் எனப்படும் அது, மூன்று படைகளையும் ஒரு பாதுகாப்புச் செயலாளரின் கீழ்க் கொணர்ந்தது. ஆகாயப்படையைத் தனிப் படையாக்கியது. தேசிய பாதுகாப்புச் சபையை நிறுவியது. அதே சட்டத்தின் 102 ஆம் பிரிவிலே மத்திய உளவுத் தாபனத்துக்கும் இடமளிக்கப்பட்டது. யூலை 26 ஆந் திகதி, மரணப் படுக்கையிலிருந்த தம் தாயாரைக் காண்பதற்குப் புறப்படவிருந்த சனாதிபதி, விமானத்தில் இருந்தவாறே அதிற் கையொப்பமிட்டார். அவர் சென்று சேருமுன் தாயார் உயிர் நீத்தார். செப்டெம்பர் 18 ஆந் திகதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. அட்மிரல் றொஸ்கோ ஹில்லன்கோட்டர் புதிய தாபனத்தின் முதற் பணிப்பாளரானார்.

கெஸ்டாப்போ பற்றிய அச்சம் விவாதங்களில் மீண்டும் எழுந்ததால், அதற்கு விடையாக ஒரு தடை சட்டத்திலேயே எழுதப்பட்டது. இத்தாபனத்துக்குப் பொலிஸ் அதிகாரமோ, சாட்சிகளை அழைப்பாணை மூலம் வரவழைக்கும் அதிகாரமோ, சட்டத்தை அமுல் நடத்தும் அதிகாரமோ, உள்நாட்டுப் பாதுகாப்புப் பணியோ கிடையாது என்பதே அத்தடை. அதன் கடமைகள் ஐந்தாக வகுக்கப்பட்டன. பாதுகாப்புச் சபைக்கு ஆலோசனை கூறல். பல்வேறு உளவுப் பிரிவுகளை இணைப்பதற்கு வழிமுறைகளை எடுத்துரைத்தல். செய்திகளை ஒப்புநோக்கி மதிப்பிட்டு உரியவருக்கு வழங்கல். யாவர்க்கும் பொதுவான சேவைகளை ஆற்றல் என்பன முதல் நான்கு. ஐந்தாவது, தேசிய பாதுகாப்பைப் பாதிக்கும் உளவுடன் தொடர்புடைய வேறு கருமங்களையும் பாதுகாப்புச் சபை காலத்துக்குக் காலம் பணிக்குமாயின் அவற்றைச் செய்தல். முதல் நான்கும் வரம்புடையன. ஐந்தாவதன் எல்லை எதுவெனச் சட்டத்தில் எவ்விடத்தும் கூறப்படவில்லை.

இவ்வாசகத்தின் பொருள் யாதென்ற கேள்வி விரைவிலே எழுந்தது. பிற நாடுகளில் மறைவாகப் பிரசாரம் செய்யவும், கலகப் படைகளுக்குத் துணைபுரியவும் இச்சட்டம் இடந்தருமா எனப் பணிப்பாளர் வினவியபோது, தாபனத்தின் சட்ட ஆலோசகர் லோரன்ஸ் ஹூஸ்டன் 1947 செப்டெம்பரில் எழுத்து மூலம் விடையளித்தார். கொங்கிரஸின் கருத்து அதுவன்று. அத்தகைய கருமங்களுக்குக் கொங்கிரஸின் அனுமதியைப் பெறுதல் வேண்டும் என்பதே அவர் கூறியது. ஆயினும் சோவியத் நாட்டுடனான பகைமை வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. அவ்வாண்டு டிசெம்பரிலேயே பாதுகாப்புச் சபை மறைமுகப் பிரசாரப் பணியை இத்தாபனத்திடம் ஒப்படைத்தது. 1948 ஏப்ரலில் இத்தாலியில் நிகழ்ந்த பொதுத் தேர்தலிற் கம்யூனிஸ்டுக் கட்சி வெல்லாதிருக்கும் பொருட்டு, எதிர்க்கட்சிகளுக்கு இரகசியமாகப் பணம் வழங்கப்பட்டது. கம்யூனிஸ்டுகள் தோற்றனர். ஒரு முறை பயன் தந்த கருவி மறுபடியும் எடுக்கப்படுதல் இயல்பு. அவ்வாண்டு யூன் 18 ஆந் திகதி பிறப்பிக்கப்பட்ட கட்டளை, நாசவேலை, எதிர்ப்பியக்கங்களுக்கு உதவி முதலியவற்றையும் அனுமதித்தது. அவை வெளிப்பட நேர்ந்தால் அமெரிக்க அரசாங்கம் பொறுப்பை மறுத்துரைக்கத் தக்கவாறு அமைதல் வேண்டும் என்ற விதியும் அதிலே இடம்பெற்றது. இதற்கென அமைக்கப்பட்ட பிரிவில் 1949 இல் 302 பேரே கடமையாற்றினர். 1952 இல் அத்தொகை 2,812 ஆக உயர்ந்தது. வெளிநாடுகளில் ஒப்பந்தமுறையில் அமர்த்தப்பட்ட 3,142 பேர் இதற்கு மேலதிகம்.

1949 யூன் மாதத்தில் இன்னொரு சட்டமும் நிறைவேறிற்று. தாபனத்தில் எத்தனை பேர் உளர், அவர்தம் பெயர் யாது, பதவி யாது, சம்பளம் எவ்வளவு என்பவற்றை வெளியிட வேண்டியதில்லை என அது விதித்தது. இரகசியச் செலவுகளுக்குப் பணிப்பாளரின் அத்தாட்சி ஒன்றே போதியதாயிற்று. ஒற்றரின் உயிரைக் காப்பதற்கு இத்தகைய மறைவு அவசியம் என்பதை எவரும் மறுத்தலரிது. அதே மறைவு தவறுகளையும் மூடி வைக்க வல்லது என்பதும் உண்மையே.

இவ்வளவு வளர்ச்சிக்கிடையில், இத்தாபனம் எதன்பொருட்டு ஆக்கப்பட்டதோ அப்பணியின் நிலை யாது? 1950 யூன் 25 ஆந் திகதி வட கொரியப் படைகள் தென் கொரியாவுக்குள் நுழைந்தபோது, வாஷிங்டன் மீண்டும் அயர்ந்திருந்தது. அவ்வாண்டு ஒக்டோபரிற் பணிப்பாளராக வந்த ஜெனரல் வோல்டர் பெடல் சிமித் இக்குறையைத் தீர்க்க முனைந்தார். பழைய ஓ. எஸ். எஸ். இன் பேராசிரியர் லாங்கரை மீண்டும் அழைத்து, தேசிய மதிப்பீட்டு அலுவலகத்தை அமைப்பித்தார். எல்லாப் பிரிவினரதும் செய்திகளை ஒன்றுசேர்த்து, ஆய்ந்து, கருத்து வேறுபாடு உள்ளவிடத்து அதனையும் குறித்துச் சனாதிபதிக்கு அனுப்புவது அதன் கடமை. பேர்ள் துறைமுகத்துக்கு ஒன்பது ஆண்டுகளின் பின்னரே, எல்லாத் துண்டுகளையும் பரப்பிப் பார்ப்பதற்கு ஒரு மேசை கிடைத்தது.

ஆயினும் ஐந்தாம் வாசகத்தின் வழியே வந்த கருமங்கள் குறையவில்லை. 1953 இல் ஈரானிலும் 1954 இல் குவாத்தமாலாவிலும் அரசாங்கங்களைக் கவிழ்ப்பதில் இத்தாபனம் பங்குகொண்டது. 1961 ஏப்ரலிற் கியூபா நாட்டின் பன்றிகள் குடாவில் அதன் முயற்சி பகிரங்கமாகத் தோல்வியுற்றது. 1963 டிசெம்பர் 22 ஆந் திகதி, ஓய்வுபெற்றிருந்த ட்றூமன் வாஷிங்டன் பத்திரிகையொன்றில் ஒரு கட்டுரை எழுதினார். தாம் தாபித்த அமைப்பு, செய்திகளைத் திரட்டித் தரும் முதற் பணியை விட்டு விலகி, அரசாங்கத்தின் செயற்கரமாக மாறிவிட்டமை தம்மைக் கலங்கச் செய்கின்றது என அவர் வருந்தினார். அவ்வருத்தம் உண்மையானதே. எனினும் 1947 டிசெம்பரிலும் 1948 யூனிலும் வந்த கட்டளைகள் அவருடைய ஆட்சியிலேயே பிறந்தவை என்பதை வரலாறு மறப்பதற்கில்லை.

உள்நாட்டைப் பற்றிய தடையும் முற்றாகப் பேணப்படவில்லை. 1974 டிசெம்பரில் நியூயோர்க் பத்திரிகையொன்றில் வெளியான செய்தியை அடுத்து, 1975 இல் செனற்றர் பிராங்க் சேர்ச் தலைமையில் ஒரு விசாரணைக் குழு கூடியது. 1953 முதல் 1973 வரையில் அமெரிக்க மக்களின் கடிதங்கள் ஏறக்குறைய இரண்டரை இலட்சத்தை இத்தாபனத்தார் பிரித்துப் படம் பிடித்திருந்தனர் என்பது அவ்விசாரணையில் வெளியாயிற்று. 1945 இல் எதை அஞ்சிப் பத்திரிகைகள் கூக்குரலிட்டனவோ, அதன் ஒரு கூறு உண்மையாகியே இருந்தது. 1976 இற் செனற் சபையும் 1977 இற் பிரதிநிதிகள் சபையும் உளவுப் பணிகளை மேற்பார்வை செய்யும் நிலையான குழுக்களை அமைத்தன. சட்டம் பிறந்து 29 ஆண்டுகளின் பின்னரே மக்களின் பிரதிநிதிகள் இக்காவலைத் தமக்கென ஏற்படுத்திக் கொண்டனர்.

பழைய நோயும் ஒரு முறை மீண்டது. 2001 செப்டெம்பர் 11 ஆந் திகதி நிகழ்ந்த தாக்குதல்களில் ஏறக்குறைய 3,000 பேர் மாண்டனர். தாக்கியவருள் இருவரைப் பற்றி மத்திய உளவுத் தாபனம் முன்னரே அறிந்திருந்தும், அச்செய்தி உரிய வேளையில் எவ். பி. ஐ. இடம் முறையாகச் சேரவில்லை என விசாரணை கண்டது. ஆகவே 2004 டிசெம்பரில் மற்றொரு சட்டம் இயற்றப்பட்டு, எல்லா உளவுப் பிரிவுகளுக்கும் மேலாகத் தேசிய உளவுப் பணிப்பாளர் என்ற புதிய பதவி உண்டாக்கப்பட்டது. 1947 இல் மத்திய தாபனத்தின் தலைவருக்கு அளிக்கப்பட்ட இணைப்புப் பொறுப்பு இவ்வாறு வேறொருவரின் கைக்கு மாறியது.

யுத்தம் முடிந்தபின் உளவுத் தாபனம் ஒன்றை அமைக்க முற்படும் எந்நாடும் இரு வேறு ஆபத்துக்களின் நடுவே செல்கின்றது. செய்திகள் சிதறிக் கிடந்தால் மக்கள் உயிர் அழியும். இரகசிய அதிகாரம் வரம்பின்றிக் குவிந்தால் மக்கள் உரிமை அழியும். முதலாவது ஆபத்து ஒரே நாளிற் குண்டோசையுடன் வருகின்றது. ஆதலின் அதற்கு மருந்து தேடுவோர் பலர். இரண்டாவது, ஒரு சட்டத்தின் தெளிவற்ற வாசகத்தினூடே ஓசையின்றி வந்து ஆண்டுக்கணக்காகத் தங்குகின்றது. எந்த வாசகம் எவ்வளவு தூரம் இடங்கொடுக்கும் என்பதைச் சட்டம் இயற்றும் நாளிலேயே கேட்டுத் தெளிவது, அந்நாட்டு மக்களதும் அவர்தம் பிரதிநிதிகளதும் கடனாகும்.